சிறுநீர்க் குழாயில் அடிபட்டால்

நம் உடலில் சிறுநீர்ப்பை இருக்கிறது. சிறுநீர் அதில் சேர்கிறது. பிறகு ஒரு குழாய் வழியாக வெளியே வருகிறது. இதுதான் சிறுநீர்க் குழாய். மூத்திரக் குழாய் என்றும் சொல்வார்கள்.

பெண்களுக்கு இந்தக் குழாய் 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. நீளம். அதனால் ஆண்களுக்கே இதில் அதிகமாக அடிபடுகிறது.

எப்படி அடிபடுகிறது?

கட்டட வேலை செய்பவர் சாரத்தில் கால் தவறுகிறார். ஒரு கட்டையின் இரு பக்கமும் கால் விரிய விழுகிறார். சைக்கிள் ஓட்டும் பையன் நடுக் கம்பியின் மேல் விழுகிறான். அப்போது குழாய் எலும்போடு அழுந்தி நசுங்குகிறது. சாலை விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்தாலும் குழாய் கிழியலாம். அறுந்தும் போகலாம்.

எப்படித் தெரியும்?

சிறுநீர் வரும் துளையில் இரத்தம் தெரியும். சிறுநீர் வராது. அடிவயிறு உப்பி வலிக்கும். விதைப்பையும் அதன் பின்பக்கமும் வீங்கிக் கறுக்கும்.

சிலருக்கு ஒரு சொட்டு இரத்தம் மட்டுமே வரும். அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

வெட்கப்படலாமா?

மறைவான இடத்தில் பட்ட அடி. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் மறைத்தால் ஆபத்து. கிழிந்த இடத்தில் சிறுநீர் சதைக்குள் கசியும். சீழ் பிடிக்கும். உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போகும் முன் செய்யக் கூடாதவை:

முக்கிச் சிறுநீர் கழிக்கக் கூடாது.

நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது. சிறுநீர்ப்பை மேலும் நிரம்பும்.

எண்ணெய் தடவி உருவக் கூடாது.

பயிற்சி இல்லாதவர்கள் டியூப் போடக் கூடாது. பாதி கிழிந்த குழாய் முழுதும் அறுந்துவிடலாம்.

என்ன சிகிச்சை?

மருத்துவர் குழாய்க்குள் ஒரு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார். கிழிசல் எங்கே என்று அதில் தெரியும். காயம் சிறியது என்றால் மெல்லிய டியூப் போடுவார். சில வாரங்களில் குழாய் ஆறும்.

காயம் பெரியது என்றால் அடிவயிற்றில் சிறு துளை போடுவார்கள். அதன் வழியே டியூப் வைப்பார்கள். சிறுநீர் ஒரு பையில் சேரும். வீக்கம் வற்றிக் காயம் ஆறச் சுமார் 3 மாதம் ஆகும். பிறகு அறுவை சிகிச்சை. தழும்பை வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைப்பார்கள்.

வீட்டில் இருக்கும்போது பையை இடுப்புக்குக் கீழே வையுங்கள். டியூப் மடங்காமல் பாருங்கள். தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருத்துவர் சொன்ன அளவு தண்ணீர் குடியுங்கள்.

ஆறிய பிறகும் கவனம்

ஆறிய இடத்தில் தழும்பு உண்டாகும். அது குழாயைச் சுருக்கலாம். மாதங்கள் கழித்தும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். சிறுநீர் நூல் போல வருகிறதா? முக்க வேண்டியிருக்கிறதா? எரிகிறதா? மறுபடி மருத்துவரிடம் போங்கள். சிலருக்குத் தாம்பத்திய உறவிலும் சிரமம் வரும். அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

பேசிப் பாருங்கள்

1. இந்தக் காயத்தை மறைத்தால் என்ன ஆகும்?
2. உங்கள் ஊருக்கு அருகில் அறுவை சிகிச்சை செய்யும் அரசு மருத்துவமனை எது?