இனிப்பு நீர் வந்துவிட்டால் வாழ்க்கை கசந்தா போகும்?



“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்று தமிழ்ப்பள்ளியில் நாமெல்லாம் படித்தோம். நல்ல வார்த்தைதான். ஆனால், நோய் வந்துவிட்டவன் என்ன செய்வது? செல்வமெல்லாம் போயிற்று என்று லயத்து வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவதா? இம்முறை அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறோம்.

நாம் சொல்ல வருவது இனிப்பு நீர் வியாதியை. புத்தகத்தில் நீரிழிவு என்பார்கள். கிளினிக்கில் ‘கென்சிங் மானிஸ்’ என்பார்கள். சுகாதார அமைச்சு 2019-இல் நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் 100 பேருக்கு 18 பேர் இந்நோய் உள்ளவர்கள் என்று தெரிந்தது. 2023-இல் எடுத்த ஆய்வில் அது 15.6 விழுக்காடு. அந்த 2023 ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது: நோய் உள்ள ஐந்து பேரில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது! நம் நாட்டு இனங்களுள் இந்தியர்களிடையே இந்நோய் மிக அதிகம் என்பதையும் இத்தகைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, இது யார் வீட்டுக் கதையோ அல்ல. நம் வீட்டுக் கதை.

ஓர் அக்காவின் கதை

எந்தத் தோட்டத்திலும் இப்படி ஓர் அக்காவைப் பார்க்கலாம். பெயர் வேண்டாம். இளவயதில் பால் வெட்டியவர்; பால்மரம் போய் செம்பனை வந்த பிறகு உதிரிப்பழம் பொறுக்கியவர். ஐம்பதை நெருங்கும்போது அடிக்கடி தாகம், இரவில் நாலைந்து தடவை சிறுநீர், உடம்பு இளைப்பு. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து இனிப்பு நீர் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டில் சும்மா இருப்பார்களா? “அந்த மாத்திரைய சாப்பிட்டா கிட்னி போயிரும்கா! எங்க மாமா அப்படித்தான் போனாரு” என்றார்கள். அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார். பாகற்காய்ச் சாறு போதும் என்று இருந்தார். உடம்பில் வலி ஒன்றும் இல்லை. “எனக்கு ஒண்ணும் இல்லையே!” என்று இரண்டு வருடம் ஓடியது.

ஒருநாள் செம்பனை முள் காலில் குத்தியது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலுறையைக் கழற்றும்போதுதான் சீழைப் பார்த்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்த அக்கா வேறு ஆளாக வந்தார். கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை. செருப்பைக் கழற்றினால் விரல் இல்லாதது தெரியுமே! கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. “இனிமே நான் யாருக்கும் பாரந்தான்” என்று மருமகளிடம் சொல்லிச் சொல்லி அழுதார். விரல் போனதைவிடப் பெரிய நஷ்டம் எது தெரியுமா? அந்த அக்காவின் தைரியம் போனதுதான்.

தைரியத்தைத் திரும்பக் கொண்டுவந்தது என்னவோ ஒரு சின்னக் காரியம். கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போட்ட தாதி கேட்டார்: “அக்கா, உங்க கால உங்கள விட யாரு நல்லா பார்த்துக்குவா?” பேரன் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கச் சொன்னார். தினம் படுக்கப் போகுமுன் இரண்டு காலையும் பார்த்து, ‘பார்த்தேன்’ என்று ஒரு கோடு. மாத்திரை சாப்பிட்டால் ஒரு கோடு. நடந்தால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதா? கிராணி செக்ரோலில் தினம் பேர் போடுகிறாரே, அதேதான்! உடம்புக்கு நாமே பேர் போட்டுக்கொள்வது. ஒருநாள் தவறினால் அந்த ஒருநாள் பேர்தான் போகும். மாதச் சம்பளமே போய்விடாது. மறுநாள் மறுபடியும் போய் நிற்க வேண்டியதுதான். நோட்டில் கோடுகள் ஏற ஏற, அக்காவுக்குத் தன் மேல் நம்பிக்கை ஏறியது.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் வயிற்றில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உடம்பின் உள்ளறைகளுக்குள் போக ஒரு சாவி வேண்டும். கணையம் என்ற உறுப்பு சுரக்கும் இன்சுலின்தான் அந்தச் சாவி. சாவி குறைந்தாலோ, பூட்டு இறுகிப்போனாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். தங்கிய சர்க்கரை வருடக்கணக்கில் சத்தம் போடாமல் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. கண், கிட்னி, கால் ஆகிய மூன்றும் முதலில் அடிபடும். இருதயத்துக்கும் ஆபத்து. நரம்பு செத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. வலி இல்லை என்பதனால் வியாதி இல்லை என்று ஆகிவிடாது!

இனிப்பு நீர் என்றாலே சாவு என்றிருந்த காலமும் உண்டு. 1921-இல் கனடாவின் டொரொன்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுக்க வழி கண்டார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு அதை ஊசி மூலம் செலுத்தினார்கள், பையன் பிழைத்தான். நூறு ஆண்டுக்கு முன் கிடைக்காத பாக்கியம் இன்று நம் ஊர் கிளினிக்கிலேயே கிடைக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லலாமா?

மாத்திரையா கிட்னியைக் கெடுக்கிறது?

இந்தப் பேச்சால் எத்தனை பேர் வீணாகிப் போனார்கள்! கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். பலருக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபோர்மின் மாத்திரை 1950-ஆம் ஆண்டுகளிலிருந்து வழக்கத்தில் உள்ளது. கிட்னி ஏற்கனவே பலவீனமானவர்களுக்கு டாக்டர் அதன் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்துத்தான் “மாத்திரையால் கிட்னி போச்சு” என்று நம் ஆட்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள். பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தினால் கண்ணுக்கும் கிட்னிக்கும் வரும் கேடு குறைகிறது என்று அது காட்டிற்று.

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதா? சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குங்கள். அப்படியும் முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள். பாகற்காய் சாப்பிடுங்கள், தப்பில்லை. அது கறி, மருந்துக்கு ஈடல்ல.

தட்டில் என்ன, குவளையில் என்ன?

“சோறே திங்கக் கூடாதாமே!” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. யார் சொன்னது? சுகாதார அமைச்சு ‘சுகு சுகு செபாரோ’ என்று ஒரு எளிய வழி சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தெம்பே. பாதித் தட்டு காய்கறியும் கொஞ்சம் பழமும். கங்கோங், சாவி, முருங்கைக்கீரை, வெண்டைக்காய் எல்லாம் லயத்துப் பின்புறத்திலேயே விளைகிறவை.

குவளைதான் நமக்கு எமன்! இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் நான்கைந்து தேக்கரண்டி சர்க்கரை அடங்கியிருக்கிறது. காலையில் ஒரு தே தாரிக், பத்து மணிக்கு ஒன்று, சாயந்திரம் ஒன்று என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் விட முடியாவிட்டால், மூன்றை ஒன்றாக்குங்கள். பிறகு ‘தே ஓ கோசோங்’ கேட்கப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். வெயிலில் வேலை செய்கிறவர் பச்சைத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். போத்தல் சர்பத்து வேண்டாம்.

சர்க்கரை திடீரென்று இறங்கினால்?

இது தோட்டத்து வேலைக்காரர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. விடியுமுன் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடி, பத்து மணிக்குத்தான் பசியாறுகிறோம். இன்சுலின் போடுகிறவரும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரும் மருந்தை எடுத்துவிட்டு இப்படிப் பட்டினியாக மலையேறினால் சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும், பேச்சு குழறும். பார்க்கிறவன் “காலையிலேயே தண்ணி போட்டுட்டான்” என்று சிரிப்பான். தோழர்களே, சிரிக்காதீர்கள்! அந்த ஆளின் கையில் நீண்ட கழியில் கட்டிய அரிவாள் இருக்கிறது. உடனே உட்கார வையுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. உங்கள் வேலை நேரத்தை டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். அதற்கேற்ப மருந்து நேரத்தை அமைத்துக் கொடுப்பார். வேலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடுங்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலு சீனி மிட்டாய் இருக்கட்டும். கூட வேலை செய்கிறவருக்கு உங்கள் வியாதியைச் சொல்லி வையுங்கள். அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

கால்தான் நமக்கு மூலதனம்

தினம் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து காலைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் தரையில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடையுங்கள். பூட்ஸ் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். கல்லோ முள்ளோ இருந்தால் விழட்டும். வெறுங்காலோடு வாசலுக்குக்கூட இறங்காதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். சின்னப் புண்ணானாலும் மறுநாளே கிளினிக்கில் காட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது கண், சிறுநீர், கால் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லும் எச்.பி.ஏ.ஒன்.சி என்ற இரத்தச் சோதனையும் உண்டு. பலருக்கு அது 7-க்குக் கீழே இருப்பது நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் வயதையும் உடம்பையும் பார்த்து டாக்டர் சொல்வார். எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். “நல்லா இருக்கா, டாக்டர்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்

“கிளினிக்குக்குப் போனா ஒருநாள் சம்பளம் போகுமே!” என்பது பலரின் கவலை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாளும், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாளும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் 60 நாள். டாக்டர் சான்றிதழ் வேண்டும். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் உங்கள் தோட்டத்துச் சங்கப் பிரதிநிதியிடம் வாருங்கள். அதற்குத்தானே சங்கம் இருக்கிறது!

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை

நோயாளியைப் பார்த்து “அதத் திங்காதே, இதத் திங்காதே” என்று நாள் முழுவதும் அதட்டாதீர்கள். அவருக்குத் தனிச் சட்டி, தனிச் சோறு என்று ஒதுக்காதீர்கள். அவர் சாப்பிடும் சாப்பாடு வீட்டில் எல்லாருக்கும் நல்ல சாப்பாடுதான். விருந்தில் “ஒரே ஒரு லட்டு, ஒண்ணும் ஆகாது” என்று வாயில் திணிக்கவும் வேண்டாம். சாயந்திரம் அவரோடு அரைமணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மருந்தில் பாதி அதிலேயே இருக்கிறது.

அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார்? காயம் ஆறிற்று. இரண்டு வருடமாகப் புதுப் புண் இல்லை. நிர்வாகத்தோடு பேசி நாற்றுமேட்டில் இலேசான வேலை வாங்கிக் கொடுத்தார்கள். சர்க்கரை சில மாதம் ஏறுகிறது, சில மாதம் இறங்குகிறது. தீபாவளி மாதம் கட்டாயம் ஏறுகிறது! முன்பானால் “எல்லாம் போச்சு” என்று படுத்திருப்பார். இப்போது நோட்டைப் புரட்டி, எங்கே கோடு விட்டது என்று பார்க்கிறார். போன திருவிழாவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சாமி கும்பிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவர் காலைப் பார்த்து, “அக்கா, எனக்கும் இனிப்பு நீரு. யார்கிட்டயும் சொல்லல” என்றாராம். மறுவாரம் அந்தப் பெண்ணைக் கிளினிக்குக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் நம் அக்காதான்.

இன்று இரவே ஒரு பழைய நோட்டைத் தேடி எடுங்கள். முதல் கோட்டைப் போடுங்கள். வியாதி நம்மோடு இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக் காலைப் பெரட்டில் நாமும் நிற்போம்!