பின்னால் வருபவருக்கான விளக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில் பெரியகல்லாறு அமைந்துள்ளது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் ஏ-4 பிரதான வீதி இக்கிராமத்தினூடாகவே செல்கின்றது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, மருதமுனை எனத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த இக்கரையோரத்தில் அனைவருக்கும் பொதுவானது இந்த வீதி. மாலை மங்கும் வேளையில் மஃரிப் தொழுகைக்குச் செல்வோரும், கோயிலுக்குச் செல்வோரும், பிரத்தியேக வகுப்பு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் மாணவரும், வயலிலிருந்து வரும் உழவு இயந்திரங்களும் இதே வீதியில்தான் சந்திக்கின்றனர். அவர்களிடையே செல்லும் பழைய கார்கள் பலவற்றின் பின்விளக்குகள் மங்கியோ, ஒரு பக்கம் அணைந்தோ காணப்படுவது நமது கவனத்திற்குரியதாகும்.

பழைய வாகனங்கள் பாவனையில் நீடிப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான அனுமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழங்கப்பட்டது. வரிகளும் சேர்ந்த புதிய விலையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே 1980களிலும் 1990களிலும் தயாரான ஜப்பானியக் கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர பலருக்கு வேறு வழியில்லை. இதில் குறைகூற ஏதுமில்லை. ஆனால் இயந்திரத்துக்கும் டயருக்கும் செலவிடுபவர் பின்விளக்கை மறந்துவிடுகின்றார். சாரதி ஆசனத்திலிருந்து அது தெரிவதில்லை என்பதே காரணம். தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயமாக நடைபெறும் புகைப் பரிசோதனையும் விளக்குகளின் ஒளியை அளப்பதற்கானது அன்று.

பின்விளக்கு மங்குவதற்கு மூன்று காரணங்களைப் பிரதானமாகக் கூறலாம். முதலாவது, உப்புக் காற்று. விளக்கிலிருந்து மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் வழி வாகனத்தின் உடற்தகடாகும். எர்த் வயர் அத்தகட்டுடன் இணையும் இடத்தில் கறள் பிடித்தால் மின்னழுத்தம் அங்கேயே விரயமாகின்றது. இழை மின்குமிழில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். இரண்டாவது, மின்குமிழின் முதுமை. இழையிலுள்ள தங்குதன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கருமையாகப் படிகின்றது. மூன்றாவது, வெயில். சிவப்பு மூடி நிறம் வெளிறிச் சொரசொரப்பாகின்றது. வெடிப்பினூடாக மழைநீர் புகுந்து, ஒளியைத் தெறிக்கச் செய்யும் வெள்ளிப் பூச்சை உரித்துவிடுகின்றது.

பழுதை ஒழுங்குமுறையாகத் தேடினால் செலவு குறையும். இரண்டு பிரேக் விளக்குகளும் ஒன்றாக அணைந்திருப்பின் முதலில் பியூசையும், பிரேக் மிதிக்கு மேலுள்ள சுவிச்சையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் அணைந்திருப்பின் பெரும்பாலும் மின்குமிழ், அதன் தாங்கி, எர்த் இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்றே காரணம். பிரேக்கை மிதிக்கும்போது சிக்னல் விளக்கும் இலேசாக ஒளிர்ந்தால் எர்த் பழுது என்றே ஐயுற வேண்டும். தாங்கியின் எர்த் முனையிலிருந்து பற்றரியின் மறை முனைக்குத் தற்காலிகமாக ஒரு வயரைத் தொடுத்துப் பார்க்கையில் விளக்கு பிரகாசித்தால் ஐயம் உறுதியாகும். கறளை அரத்தாளால் சுரண்டி, இணைப்பை இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் பூசினால் போதுமானது.

பல பழைய கார்களில் ஒரே மின்குமிழில் இரண்டு இழைகள் உள்ளன. 5 வாற் இழை பின்விளக்குக்கும், 21 வாற் இழை பிரேக்குக்கும் உரியவை. அதன் இரு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருப்பது தலைகீழாக மாட்டப்படாதிருப்பதற்காகவே. வலிந்து திணித்தால் சாதாரண வேளையில் பிரேக் ஒளி எரியும். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருபவருக்கு வேறுபாடு தெரியாது.

சொரசொரப்பான மூடியை 1000, 2000 இலக்க அரத்தாள்களால் நீர் ஊற்றித் தேய்த்து மெருகிடலாம். நிறமே வெளிறியிருப்பின் மூடியை மாற்றுவதே முறை. வெடிப்பை நன்கு உலர்த்திய பின் சிலிக்கன் பசையால் அடைக்கலாம். ஆயினும் நீர் வடியும் துவாரம் இருப்பின் அதை அடைத்துவிடலாகாது. மூடி உடைந்து வெள்ளை ஒளி பின்னோக்கி வீசுவது பெரும் ஆபத்து; வாகனம் பின்னோக்கி வருகின்றது என்றே பிறர் எண்ணுவர்.

குறுக்குவழிகள் சிலவற்றையும் தவிர்க்க வேண்டும். எரிந்த பியூசுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது வயரையே தீக்கிரையாக்கும். அழகுக்காக மூடியில் கரும்படலம் ஒட்டுவது இருக்கும் ஒளியையும் மறைக்கும். மலிவான எல்.ஈ.டி. குமிழ்கள் இழை மின்குமிழுக்கென வடிவமைக்கப்பட்ட கூட்டில் ஒளியைச் சரியாகப் பரப்புவதில்லை. சிவப்பு மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. பொருத்துவதும் பொருத்தமற்றது.

சிறு விளக்குக்கு இத்தனை கரிசனை எதற்கு என வினவலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கின்றது. முன்னால் உள்ளவர் பிரேக் பிடித்ததை ஒரு செக்கன் தாமதித்து உணர்ந்தால் அத்தனை மீற்றரும் வீணாகிவிடும். 1986 ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கக் கார்களில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனால் பின்புற மோதல்கள் நீண்டகால அடிப்படையில் சுமார் 4 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு அரசின் மதிப்பீடு 1998 இல் கண்டறிந்தது. மேலதிகமான ஒரு விளக்கே இவ்வளவு செய்யுமாயின், இருக்கும் விளக்கும் அணைந்துவிட்டால் நேரக்கூடியதை ஊகித்துக்கொள்ளலாம். நமது பகுதியிலோ சூரியன் மறைந்த பின் அந்தி வெளிச்சம் 20 நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக நீடிக்கும். மார்கழி மழையில் அதுவும் இல்லை.

பரிசோதிக்கப் பணம் தேவையில்லை. மாலையில் சுவர் ஒன்றின் முன் காரைப் பின்புறமாக நிறுத்திப் பிரேக்கை மிதித்தால் இருபுற ஒளியும் கண்ணாடியில் தெரியும். வீட்டுப் பிள்ளையொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுவதாயின், காரை நகர்த்தாமல் கைப்பிரேக் இட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டே பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை இரண்டு நிமிடம் போதும். உழவு இயந்திரப் பெட்டிகளுக்கும் இது பொருந்தும். விளக்கில்லாத பெட்டிக்குச் சிவப்புப் பிரதிபலிப்பானையாவது ஒட்டுதல் வேண்டும்.

முன்விளக்கு நமக்கு வழிகாட்டுவது. பின்விளக்கு நாம் இருப்பதை அடுத்தவருக்கு அறிவிப்பது. பின்னால் வருபவர் எந்த ஊரவர், எந்தச் சமூகத்தவர் என்பதை நாம் அறியோம். அவரும் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்ற எண்ணமே அந்தச் சிவப்பு ஒளியின் பொருளாகும். கறள் பிடித்த ஓர் இணைப்பைச் சுரண்ட மறந்ததற்காக ஓர் உயிர் போகுமாயின், அதனை விதி என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது.