பூட்டிய வீட்டுக்கு யார் பொறுப்பு?

உரிமையாளர் வெளிநாட்டில், கொசுவும் பாம்பும் பக்கத்து வீட்டில். ஆளில்லாத வீடுகளுக்கு வரி போட 2023இல் கேரள அரசு எடுத்த முயற்சி ஒரே மாதத்தில் கைவிடப்பட்டது. பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகப் பாறசாலை வரை போகும் ஊர்ச் சாலைகளில் இந்த வீடுகளை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மாடி, கார் நிறுத்த முகப்பு, உயரமான மதில். இரும்புக் கேட்டில் துருப்பிடித்த பூட்டு. முற்றத்தில் இடுப்பளவு புல். கீழே இறக்க ஆளில்லாமல் தண்ணீர்த் தொட்டியின் மேல் சரிந்து கிடக்கும் காய்ந்த தென்னை மட்டை. கட்டியவர்கள் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பார்கள். அல்லது பெங்களூரில் பிள்ளைகளோடு இருப்பார்கள். சில வீடுகளில் பெற்றோர் காலமான நாளிலிருந்து பூட்டு திறக்கப்படவில்லை.

இது எல்லைப்புறத்துக்கு மட்டுமான கதையல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகளும் கட்டடங்களும் காலியாக இருந்தன. அதாவது பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம். நாடு முழுவதும் அந்த எண்ணிக்கை சுமார் 2.46 கோடி, விகிதத்தில் பார்த்தால் கேரளத்தைவிடக் குறைவு. அதற்குப் பிறகு ஊரை விட்டுப் போகிறவர்கள் குறையவில்லை. 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் மலையாளிகளின் எண்ணிக்கையைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் மாணவர்கள். 2018இல் இருந்ததைப் போல இது கிட்டத்தட்ட இரு மடங்கு. முன்பு கணவர் போவார், குடும்பம் ஊரில் இருக்கும். இப்போது பிள்ளை படிக்கப் போகிறான், அங்கேயே தங்குகிறான், பெற்றோரையும் அழைத்துக்கொள்கிறான். வீடு மட்டும் ஊரில் தங்கிவிடுகிறது.

பூட்டிய வீட்டைத் திருடர்களிடமிருந்து காக்கக் கேரள போலீஸ் ஒரு வசதி வைத்திருக்கிறது. வெளியூர் போகிறவர்கள் செல்போன் செயலியில் தகவல் கொடுத்தால் 14 நாட்கள் வரை வீட்டைக் கண்காணிப்பார்கள். 14 ஆண்டுகள் பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்வது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

ஒரு மாத வரி

பதில் சொல்ல முயன்றவர் நிதியமைச்சர் கே.என். பாலகோபால். 2023 பிப்ரவரி 3ஆம் தேதி தாக்கல் செய்த பட்ஜெட்டில், நெடுநாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும், ஒருவர் பெயரில் ஒன்றுக்கு மேல் உள்ள வீடுகளுக்கும் தனி வரி கொண்டுவரப்போவதாக அறிவித்தார். உள்ளாட்சி வரிச் சீர்திருத்தங்களின் ஒரு பகுதி அது. அவற்றின் மூலம் உள்ளாட்சிகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 1,000 கோடி ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி போட்டதும் இதே பட்ஜெட்தான். தெருவில் ஏற்கெனவே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. கடல் கடந்து உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு இதுதான் பரிசா என்று வெளிநாட்டு மலையாளிகளின் தரப்பு கேட்டது. வெளிநாட்டுப் பணத்தால் நிமிர்ந்த மாநிலத்தில் எந்தக் கட்சியாலும் காதை மூடிக்கொள்ள முடியாத கேள்வி அது. அதே மாதத்திலேயே, பூட்டிய வீடுகளுக்கான வரி இப்போதைக்கு இல்லை என்று அரசு பின்வாங்கியது.

பின்வாங்காத ஒன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் எல்லா வீடுகளுக்குமான சொத்து வரி உயர்ந்தது. கிராமப் பஞ்சாயத்துகளில் 300 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு, சதுர மீட்டருக்கு 6 முதல் 10 ரூபாய் என்று அடிப்படை விகிதம் நிர்ணயமானது. ஆண்டுதோறும் 5 சதவீதம் கூடும் என்றும் முடிவானது. 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறிய வீடுகளுக்கு விலக்கு தரப்பட்டது. ஆக, குடியிருப்பவருக்கு வரி ஏறியது. குடியிருக்காதவருக்கும் அதே அளவுதான் ஏறியது.

நாள் ஒன்றுக்கு நாலு ரூபாய்

சுமார் 1,600 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். அதாவது 150 சதுர மீட்டர். பஞ்சாயத்தில் உச்ச விகிதத்தில் கணக்கிட்டாலும் 2023இல் அதன் அடிப்படை வரி ஆண்டுக்கு 1,500 ரூபாய். நாள் ஒன்றுக்கு நாலு ரூபாய்ச் சில்லறை. சாலையோரக் கடையில் ஒரு டீ அதைவிட விலை அதிகம். வீட்டைப் பூட்டிப் போடுவதால் உரிமையாளருக்கு எந்தச் சிரமமும் இல்லை. விற்கவோ வாடகைக்கு விடவோ அவசரமும் இல்லை. மனையின் விலை தானாக ஏறிக்கொண்டிருக்கிறது.

3,000 சதுர அடிக்கு, அதாவது 278.7 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய வீடுகளுக்கு 1999 முதல் தனியாக ஓர் ஆண்டு வரி உண்டு. ஆடம்பர வரி என்று அழைக்கப்பட்டது. ஆனால் அதை வசூலிப்பது வருவாய்த் துறை. பணம் போவது மாநிலக் கருவூலத்துக்கு. புதர் மண்டிய வீட்டைப் பற்றிய புகார் மட்டும் பஞ்சாயத்துக்கு வருகிறது.

விநோதம் இதோடு முடியவில்லை. நம் உள்ளாட்சிச் சட்டங்களின் பழைய மரபு காலி வீட்டைத் தண்டிப்பதல்ல, அதற்கு இரங்குவது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம், அரையாண்டில் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் காலியாக இருக்கும் கட்டடத்துக்கு வரியில் பாதி வரை தள்ளுபடி கேட்க இடம் தந்தது. கேரளத்தின் உள்ளாட்சிச் சட்டத்திலும் காலிக் கட்டடங்களுக்கு இத்தகைய தள்ளுபடி உண்டு.

அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. அப்போது வரி, வீடு ஈட்டக்கூடிய வாடகையின் மீது போடப்பட்டது. வாடகை வராத வீட்டுக்கு வரி எதற்கு என்ற கேள்வி பொருந்தியது. ஆனால் 2011ஆம் ஆண்டின் விதிகள் மூலம் கேரளம் வாடகை மதிப்பைக் கைவிட்டுத் தரைப்பரப்புக்கு மாறிவிட்டது. இன்றைய வரி வீட்டின் வருமானத்துக்கல்ல. வீடு ஊரில் இருப்பதற்கு. தெருவிளக்கு அந்த வீட்டு வாசலிலும் எரிகிறது. சாலையும் வடிகாலும் அந்த மதிலையும் ஒட்டித்தான் போகின்றன. காரணம் போன பிறகும் சலுகை நிற்கிறது.

எல்லைக்கு அப்பால்

எல்லைப்புறத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்தப் பகுதி முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தமிழர்கள் உரிமை கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதில் ஒரு பகுதி 2014இல் காட்டாக்கடை தாலுகாவில் சேர்ந்தது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர உறவுகளில் விழவில்லை. அண்ணன் பாறசாலையில், தங்கை களியக்காவிளையில். 'கரம் தீர்த்த ரசீது' என்றால் இரு பக்கமும் புரியும்.

ஆனால் வரிப் புத்தகங்களுக்கு அந்த உறவு தெரியாது. களியக்காவிளை பேரூராட்சியில் உள்ள வீட்டுக்குத் தமிழ்நாட்டு விதிகள். 2022இல் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, இத்தகைய ஊர்களில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதமும் ஏறின. அதிலும் பூட்டிய வீடு, திறந்த வீடு என்ற பேதம் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கேரளம் என்றாவது வரி போட்டாலும், எல்லை தாண்டி இருக்கும் இரண்டாவது வீடு அதன் பதிவேட்டில் வராது. பக்கத்து மாநிலக் கணக்கைப் பார்க்கப் பஞ்சாயத்துச் செயலாளரிடம் வழியில்லை.

அவரிடம் இருக்கும் அதிகாரங்களும் தூங்குகின்றன. ஆபத்தான மரத்தை வெட்டவும், இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடத்தைச் சரிசெய்யவும் உரிமையாளருக்கு உத்தரவிட உள்ளாட்சிச் சட்டத்தில் வழி உண்டு. செய்யாவிட்டால் தானே செய்து செலவை வசூலிக்கலாம். கொசு வளர இடம் தருகிறவர்கள் மீது 2023ஆம் ஆண்டின் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் பாயும். ஆனால் நோட்டீஸை யாரிடம் கொடுப்பது? கதவு பூட்டியிருக்கிறது. பல வீடுகள் இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருக்கின்றன. நாலு பிள்ளைகள் நாலு நாட்டில். பாகப் பிரிவினை நடக்கவில்லை. எல்லோருக்கும் சொந்தமான வீட்டுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

வாடகைக்கு விடலாமே என்றால் பயம் குறுக்கே வருகிறது. 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குடியேறியவரை வெளியேற்ற ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்ற எண்ணம் வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சிலருக்கு அது ஓய்வுக்குப் பிறகு திரும்பி வருவதற்கான வீடு. முப்பது ஆண்டு உழைப்பின் அடையாளம். அவர்களைக் குற்றவாளிகளைப் போல நடத்திய தொனிதான் 2023 அறிவிப்பைக் கவிழ்த்தது.

ஜப்பான் காட்டும் வழி

உலகில் பலர் இதே முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறார்கள். கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீடுகளுக்குச் சொத்து மதிப்பில் 1 சதவீதம் வரி போட்டது. 2021இல் அதை 3 சதவீதமாக்கியது. நமக்கு இது பொருந்தாது. அங்கே வீடு கிடைக்காமல் மக்கள் தவிக்கிறார்கள். இங்கே வீட்டில் இருக்க மக்கள் இல்லை.

பொருந்தும் உதாரணம் ஜப்பான். 2023 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. வாரிசுகள் நகரத்தில், கிராமத்து வீடு சிதைகிறது. வீடு இருக்கும் மனைக்கு வரி மதிப்பில் ஆறில் ஒரு பங்கு மட்டும் கணக்கிடும் சலுகை அங்கே உண்டு. அதற்காகவே இடிந்த வீட்டைக்கூட யாரும் அகற்றுவதில்லை. 2015இல் வந்த சட்டம் அந்தச் சலுகையில் கை வைத்தது. அபாயமான நிலையில் விடப்பட்ட வீட்டை உள்ளாட்சி அடையாளம் காணும், எச்சரிக்கும், கேட்காவிட்டால் சலுகை ரத்தாகும். 2023 டிசம்பர் முதல், பராமரிப்பின்றி அந்த நிலையை நோக்கிப் போகும் வீடுகளும் இதில் அடங்கும்.

வித்தியாசம் நுட்பமானது, முக்கியமானதும்கூட. ஜப்பான் வீட்டில் ஆள் இல்லாததற்கு அபராதம் போடவில்லை, கவனிக்காததற்குப் போடுகிறது. துபாயில் இருந்துகொண்டே ஆள் வைத்துப் புல்லை வெட்டி, தொட்டியை மூடி, கூரையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அங்கே கூடுதல் வரி இல்லை. விட்டுவிட்டவருக்கு உண்டு. கேரளத்தில் இதைச் செய்யப் புதிய வரிகூட வேண்டாம். காலி வீட்டுத் தள்ளுபடியைப் பராமரிப்புக்கு நிபந்தனையாக்கலாம். உள்ளூரில் ஒரு பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வரிப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். 2024 ஜனவரியில் நகராட்சிகளில் தொடங்கி, பிறகு பஞ்சாயத்துகளுக்கும் வந்த 'கே-ஸ்மார்ட்' கணினி முறையில் வெளிநாட்டிலிருந்தே வரி கட்ட முடிகிறது. வரி கட்டக் கிடைக்கும் உரிமையாளர் நோட்டீஸ் வாங்கவும் கிடைப்பார்.

தடையாக நிற்பது அரசியல் துணிவுதான். வார்டு உறுப்பினருக்கு ஊரில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டும் வேண்டும், வெளிநாட்டில் இருப்பவரின் உறவினர் ஓட்டும் வேண்டும். அதனால் புகார் வரும்போது இரு தரப்புக்கும் நல்லவராக இருந்துவிடுகிறார். இதற்கு விலை கொடுப்பவர் மூன்றாவது ஆள்: மழைக்காலம் முடியும் முன் டெங்கு காய்ச்சலில் படுத்து, தன் சின்ன வீட்டுக்கு 2023க்குப் பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுதலாக வரியும் கட்டும் அடுத்த வீட்டுக்காரர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அநியாயம் என்று 2023இல் குரல் கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். இவருக்காக இன்னும் யாரும் குரல் கொடுக்கவில்லை.