சொல் உளதா, இலதா? பைத்தான் மொழியில் இருப்புச் சோதனையும் தமிழ் எழுத்தமைப்பும்

முன்னுரை

ஒரு நூலில் குறிப்பிட்ட சொல் பயின்றுவரவில்லை என்பது ஆய்வுலகில் வலிமையான சான்றாகக் கொள்ளப்படுகிறது. நூலின் காலத்தையும் ஆசிரியரையும் பற்றிய முடிவுகள் பல இத்தகைய இன்மையின்மேல் எழுப்பப்பட்டுள்ளன. சொல்லடைவைப் புரட்டிக் கண்டதை இன்று கணினியிடம் கேட்கிறோம். அது தரும் 'இல்லை' என்னும் விடை எந்த அளவிற்கு நம்பத்தக்கது என்பதை, பினாங்குத் தமிழர் வழங்கும் ஓர் இடப்பெயரைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டியலும் கணமும்

பைத்தான் மொழியில் ஒரு தொகுப்பினுள் ஒரு சொல் உளதா என்றறிய 'இன்' என்னும் செயற்குறி பயன்படுகிறது. விடை உண்மை அல்லது பொய் என வரும். தொகுப்பு பட்டியலாயின், கணினி முதற்சொல்லிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். 50,000 சொற்களுள் தேடும் சொல் இல்லையெனில் 50,000 ஒப்பீடுகளும் நிகழும். தொகுப்பு கணமாயின், சொல்லிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்ணைக்கொண்டு உரிய இடத்தையே நேராக அணுகும். ஆதலின் பெருந்தொகுப்பில் பலமுறை தேடுவோர்க்குக் கணமே ஏற்றது.

ஒரே தோற்றம், இரு வடிவம்

ஜார்ஜ்டவுனுக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் குன்றைத் தமிழர் கொடிமலை என்பர். இச்சொல்லில் எழுத்துகள் 4. யூனிகோடு முறையிலோ இது 7 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பின்னதில் குறியீடுகள் 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவகையில் எழுதப்பட்ட தொகுப்பில் மறுவகையால் தேடின், சொல் இருந்தும் விடை 'பொய்' எனவே வரும்.

இதற்குத் தீர்வு, தொகுப்பையும் தேடுசொல்லையும் என்எஃப்சி என்னும் சீர்வடிவிற்கு முன்னரே மாற்றிக்கொள்வதாகும். எனினும் ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதிய பிழையை இம்முறை திருத்தாது. ஔவை என்னும் பெயரைத் தேடுவோர் இதனைத் தனியே கவனித்தல் வேண்டும்.

இலக்கணமும் குறியீடும்

'இன்' ஒரு சொல்லின் உட்பகுதியையும் தேடும். 'மலை' என்பதனுள் 'மல' உளதா எனின், கணினி 'உண்மை' என்கிறது. 'மல்' உளதா எனின் 'பொய்' என்கிறது. மெய்யும் உயிரும் கூடியதே உயிர்மெய் என்னும் தொல்காப்பிய மரபுப்படி, லை என்பது ல், ஐ என்பவற்றின் சேர்க்கை; எனவே விடைகள் தலைகீழாக அமைதல் வேண்டும். யூனிகோடு அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியையும் பிற உயிர்க்குறிகளையும் அதன்பின் சேர்ப்பதே இம்முரணுக்குக் காரணம். எதுகை, புணர்ச்சி ஆகியவற்றை ஆராய்வோர் உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்த பின்னரே சோதித்தல் வேண்டும்.

முடிவுரை

கணினி பொய்யுரைப்பதில்லை, கேட்ட குறியீட்டிற்கே விடை தருகிறது. எனவே 'இல்லை' என்று எழுதுமுன், அந்நூலில் உள்ளதென நாம் ஐயமற அறிந்த, ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய்யுடைய ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தல் நலம். அதுவும் கிடைக்கவில்லையெனில், குறை நூலில் இல்லை. தேடிய முறையிலேயே உள்ளது. மாணவர்க்கு இச்சோதனையை முதற்பாடமாகக் கற்பித்தல் தமிழாசிரியர் கடனாகும்.