கலாநிதிப் பட்டமும் கைப்பொருளும்

கற்பார்க்குக் கைப்பொருள் கொடுத்துதவுதல் யாழ்ப்பாணத்துக்குப் புதிய வழக்கமன்று. 1823 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, மாணவர்க்கு உணவும் உறையுளும் கொடுத்துக் கற்பித்தது. கடல்கடந்த அன்பர் சிலர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்று, அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் இட்டனர். கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை போன்ற பெயர்கள் அக்காலத்தை நினைவூட்டுவன.

பின்னர், சேர். பொன். இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே 1974 இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. 1945 இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியும், 1981 இல் வந்த மகாபொலப் புலமைப்பரிசிலும் ஏழை வீட்டுப் பிள்ளையை முதற்பட்டம்வரை கைபிடித்து அழைத்துச் செல்கின்றன. அதற்கப்பால் அக்கை நழுவிவிடுகிறது. பல்கலைக்கழக ஆசிரியராய் உள்ளார்க்குச் சில உதவிகள் உண்டு. வெளியே நிற்கும் பட்டதாரியோ கட்டணமும் செலுத்தி, வயிற்றுப்பாட்டையும் தாமே பார்த்துக்கொண்டுதான் கலாநிதிப் பட்டத்துக்குப் பயிலவேண்டியிருக்கிறது.

எத்துறைக்கும் இது இடரே. எனினும் உளவியலுக்கு இரட்டை இடர் என்பேன். அத்துறையின் முதற்கருவி காலம். ஒருவர் முன்னே பொறுமையோடு அமர்ந்து கேட்கும் காலம். 1983 முதல் 2009 வரை போர், இடையிலே 2004 இல் ஆழிப்பேரலை எனத் துயர் சுமந்த மண் இது. அத்துயரின் உளவடுக்களை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இலேயே ஆங்கில நூலாக எழுதிக் காட்டினார். அவ்வழியைத் தொடர இளையோர் வேண்டாமா?

நானறிந்த பட்டதாரி ஆசிரியை ஒருவர், காணாமற்போன கணவருக்காகக் காத்திருக்கும் பெண்களின் மனநிலையை ஆராய விரும்புகிறார். அவர்கள் ‘ஏக்கம்’ என்றும் ‘பெருமூச்சு’ என்றும் சொல்வனவற்றை மேனாட்டு வினாக்கொத்துகள் முழுதும் அளக்கமாட்டா. ஆயின் அவருக்குப் பகலிலே பாடசாலை, மாலையிலே தனிவகுப்பு. வன்னிக்குச் செல்ல விடுமுறை நாள்களே உள. ஒரு விடுமுறையிலே திறந்த நெஞ்சம் அடுத்த விடுமுறைவரை திறந்தே இருக்குமோ?

1959 இல் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவை சிறந்தவையே. ஆனால் அவை மாணவரைக் கடல்கடந்து அழைத்துச் செல்வன. நமக்கு வேண்டுவது இங்கேயே இருந்து ஆராய்வார்க்குரிய உதவி. இந்தியாவிலே பல்கலைக்கழக மானியக் குழு, தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளர்க்கு 2023 முதல் மாதம் 37,000 இந்திய ரூபாய் என வகுத்தது. உளவியலும் அத்தேர்வுப் பாடங்களுள் ஒன்று.

கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும், ஓர் ஆய்வாளரின் மூன்றாண்டுச் சீவனத்தை ஏற்றால் என்ன? பழைய அமெரிக்க அன்பரைப்போலப் பிள்ளையின் பெயரை மாற்றவேண்டா. நிதிக்குத் தம் பெயரைத் தாராளமாக இடட்டும்!