காலி இருக்கையை எண்ணுகிறவர்

1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் தம் ரோலர் கோஸ்டரை ஓடவிட்டபோது, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்குத் தனிக் கணக்கு தேவைப்படவில்லை. சவாரிக்கு 5 சென்ட். மாலையில் கல்லாவை எண்ணினால் போதும். டிஸ்னிலேண்டில்கூட 1982 வரை சவாரிச் சீட்டுகள் புழக்கத்தில் இருந்தன. வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்றானதும் கல்லாவைக் கேட்டுப் பயனில்லை.

வரிசையின் முகப்பில் சுழல்கம்பி வைத்தார்கள். தள்ளிக்கொண்டு நுழைந்தால் எண் ஒன்று கூடும். ஆனால் நுழைந்தவரெல்லாம் ஏறுவதில்லை. தலைக்கு மேலே ரயில் விழுவதைப் பார்த்துவிட்டு நைசாக நழுவுகிறவர்கள் உண்டு. உயரம் போதாத பிள்ளையோடு அப்பாவும் திரும்பிவிடுவார்.

சவாரியை இயக்கும் கணினிக்குத் தெரியாதா என்றால், அதற்கு ரயில்தான் தெரியும். தண்டவாளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயிலை மட்டும் விடுகிறார்கள். அதற்காகப் பொருத்திய சென்சார்கள் ஒவ்வொரு சுற்றையும் பிசகாமல் எண்ணிவிடும். மடிமேல் இறங்கும் கம்பி பூட்டிக்கொண்டதா என்பதும் தெரியும். ஆனால் பொதுவாகக் காலி இருக்கையின் கம்பியையும் பூட்டினால்தான் ரயில் கிளம்பும் என்பதால், ஆள் இருக்கிறாரா என்பதை அந்தக் கம்பி சொல்லாது.

ஆகவே மிச்சக் கணக்கு நடைமேடை ஊழியர் தலையில். கம்பிகளை இழுத்துப் பார்த்தபடி நடக்கும்போதே காலியான இடங்களைக் கண்ணால் எண்ணி, மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம். உட்கார்ந்தவர்களை எண்ணுவதைவிட இது சுலபம்.

அமெரிக்காவின் ஒஹாயோவில், சீடர் பாயிண்ட் பூங்காவின் மில்லேனியம் ஃபோர்ஸை எடுத்துக்கொள்வோம். 2000-இல் திறந்தது, 310 அடி உயரம். ஒரு ரயிலில் 36 பேர். மணிக்கு சுமார் 1,300 பேர் என்பது அதன் கொள்ளளவு. வகுத்துப் பார்த்தால் 100 விநாடிக்கு ஒரு ரயில் புறப்பட்டாக வேண்டும். யாரோ பையை எங்கே வைப்பது என்று தடுமாறி, ஒவ்வொரு முறையும் 20 விநாடி தாமதமானால் கணக்கு 1,080-க்கு இறங்கிவிடும். ரயிலுக்கு இரண்டு இடம் காலியாகப் போனால் இன்னும் 60 பேர் குறைவார்கள். இருவர் அமரும் வரிசையில் மூவராக வருகிறவர்கள் ஓரிடத்தைக் காலியாக்குவது சகஜம். தனியாக வருபவர்களுக்குப் பல பூங்காக்கள் தனி வரிசை வைத்திருப்பது இதற்காகத்தான். அதில் நிற்பவரைச் சலுகை பெற்றவர்போல மற்றவர்கள் முறைப்பார்கள். உண்மையில் அவர் யாருடைய இடத்தையும் பிடிப்பதில்லை.

காத்திருக்கும் நேரத்தை அறிவிக்கவும் மணிக்கு எத்தனை பேர் என்ற இந்த எண்தான் அடிப்படை: 1,300 பேர் நின்றால் ஒரு மணி நேரம். டிஸ்னி பூங்காக்களில் வரிசையின் தொடக்கத்தில் ஒருவர் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, ஏறுமிடத்தில் திரும்ப வாங்கி, எடுத்த நேரத்தை நேரடியாகவே அளந்தார்கள்.

பழுதுபார்ப்பவர்களுக்கோ ஆள் கணக்கால் அதிகம் ஆவதில்லை. கணினி எண்ணிய சுற்றுகளே வேண்டும். பூங்கா திறக்கும் முன் ஆளில்லாமல் விடும் சோதனை ஓட்டத்திலும் சக்கரம் தேயத்தான் செய்யும்.