முதற் பிரயாணத்துக்கு ஒரு நிதி

1924-ஆம் ஆண்டில், டாக்கா சர்வகலாசாலையில் ரீடராக இருந்த சத்தியேந்திர நாத் போஸ், ஒளியின் இயல்பைப் பற்றித் தாம் எழுதிய சிறு கட்டுரையொன்றை, முன்பின் பார்த்தறியாத ஐன்ஸ்டீனுக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். ஐன்ஸ்டீன் அதைத் தாமே ஜெர்மன் பாஷையில் பெயர்த்து அச்சேற்றியதைப் பலர் அறிவார்கள். அதற்கு அடுத்து நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கட்டுரையைப் பாராட்டி ஐன்ஸ்டீன் எழுதிய தபால் கார்டைக் கண்டதும், சர்வகலாசாலையார் போஸுக்கு இரண்டு வருஷ விடுப்பும், போக வரப் பிரயாணச் செலவும், ஊரிலிருக்கும் குடும்பத்துக்குத் தனிப்படியும் கொடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

போஸ் பாரிஸில் மோரிஸ் டி பிராயின் எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடத்திலும் மேரி கியூரியிடத்திலும் பழகிவிட்டு, 1925-இல் பெர்லின் சென்று ஐன்ஸ்டீனைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து எழுதியது என்று அந்தப் பிரயாணத்தில் ஒரு கட்டுரையும் பிறக்கவில்லை. ஆயினும் 1926-இல் திரும்பியவர், அங்கே கற்ற வித்தையைக் கொண்டு, கருவிகளைத் தாமே வடிவமைத்து, டாக்காவில் எக்ஸ்-கதிர்ப் படிகவியலுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தை உண்டாக்கினார்.

இன்று தேசங்களுக்கிடையே சர்வகலாசாலைகள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக்கு ‘விதை நிதி’ என்று வழங்கப்படுவது, இவ்விதமான முதற் பிரயாணத்துக்கு உதவும் சிறு தொகைதான். பெரிய மானியம் வழங்கும் குழுக்கள், பூர்வாங்க முடிவுகள் சிலவற்றையாவது கண்ணால் காணாமல் பெரும்பாலும் பணம் தருவதில்லை. அந்த முடிவுகளோ, இரு தேசத்தாரும் சில வாரங்களாவது ஒன்றாக உழைத்தாலன்றிக் கிடைப்பதில்லை. சம்பந்தம் பேசும் இரு வீட்டாரும் கை நனைப்பதற்கு ஒப்பான இந்த ஆரம்பக் கட்டத்தைக் கருதியே, அமெரிக்காவின் எம்.ஐ.டி. போன்ற ஸ்தாபனங்கள், பெரும்பாலும் பிரயாணத்துக்கும் கூடிப் பேசுவதற்குமென்று இந்நிதியை ஒதுக்குகின்றன.

அதன் பயனைக் கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டுமானால், கடுகளவு படிகமொன்றைச் சென்னையில் வளர்த்து, அதன் அணுக்களின் அமைப்பை அறிய ஹாம்பர்க் நகரத்துப் பெட்ரா-3 எக்ஸ்-கதிர் நிலையத்தை நாடும் மாணவியை நினைத்துப் பாருங்கள். அவ்விடத்தில் கருவிக்கு வாடகை கேட்பதில்லை. எட்டு மணி நேர ஷிப்டுகளாக, இரவு பகலென்று பாராமல், ஒதுக்கிய நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். படிகத்தை எந்தக் கோணத்தில் பொருத்துவது, கதிர்பட்டு அது கெடுமுன் எவ்வளவு அளப்பது என்பனவெல்லாம் கடிதப் போக்குவரத்தில் வருபவை அல்ல. பழகிய கை பக்கத்தில் இருக்கவேண்டும். அங்கே போய்ச்சேரும் செலவுக்குத்தான் இந்தச் சிறுதொகை.

நம் தேசத்தில் மத்திய அரசு 2018-இல் ‘ஸ்பார்க்’ என்னும் திட்டத்தை, 418 கோடி ரூபாயில் 600 கூட்டு ஆராய்ச்சிகளுக்கு இடமளிக்கும் நோக்கத்துடன், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் பொறுப்பில் ஆரம்பித்தது. அயல்நாட்டு அறிஞர் இங்கு வந்து தங்குவதற்கும் நம் மாணவர் அங்கு சென்று பயில்வதற்கும் அதில் வழி செய்யப்பட்டது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் கல்வி ஸ்தாபனங்களின் தேசியத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் வந்தவையே விண்ணப்பிக்கலாம் என்று அதில் வைத்த விதியை என்னால் ஏற்க இயலவில்லை. போஸை அனுப்பியபோது டாக்கா சர்வகலாசாலைக்கு வயது மூன்றுதான். கட்டுரைகளை எண்ணிப் பயனை அளப்பதும் அப்படியே: ஐன்ஸ்டீனுடன் கூட்டுக் கட்டுரை இல்லையே என்று அன்று கணக்குப் பார்த்திருந்தால், அந்தப் பிரயாணம் வீண் செலவென்றே முடிவாகியிருக்கும்.

ஆகையால் விதை நிதியைப் பரிபாலிக்கும் அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் இதுதான்: இரண்டு வருஷத்தில் எத்தனை கட்டுரை வெளிவந்தது என்று எண்ணுவதோடு நில்லாமல், போனவர் எதைக் கற்றுவந்தார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்றும் கேளுங்கள்; ஒவ்வொரு முறையும் ஒரு பங்கையேனும் தரவரிசைக்கு வெளியே உள்ள மாநிலக் கல்லூரிகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.